கெலாடி ஆற்று மண்

காஞ்சனாவுக்கு நான்காவது தடவையாக நாள் தள்ளிப்போனபோது மாமியார் மருதம்மாள் அதை யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. முன் மூன்று தடவையும் குருண் ஊர்ப் பாசாரில், சந்தை முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டு, பிறகு ஒவ்வொருத்தியிடமும் போய் "தங்கலைம்மா" என்று சொல்லி மானம் கெட்டவள் அவள். மெயின் ரோட்டோரம் குடைக்குக் கீழே இடியாப்பம் விற்கிறவளுக்கு வாய்தானே வியாபாரம்? இந்த முறை வெளியே வாயைக் கட்டினாள். வீட்டுக்குள் வந்ததும் அவிழ்த்துவிட்டாள்.

"ஏண்டி, இந்த வாட்டியாச்சும் முழுசா பெத்துக் குடுப்பியா, இல்ல ஆஸ்பத்திரி வாளியிலயே விட்டுட்டு வரப்போறியா?"

காஞ்சனா அரிசி களைந்துகொண்டிருந்தால் இன்னொரு தடவை களைவாள். மருதம்மாளின் ஒரே மகன் பரஞ்சோதி, அம்மா ஆரம்பித்தால் மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவான். ஏழாங்கட்டைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலேயே பளபளவென்று இருந்த மோட்டார் அவனுடையதுதான். முப்பத்தாறு வயது, மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது, அம்மாவின் குரல் உயர்ந்தால் இன்னும் அவன் கை துணியைத் தேடும்.

கெட்டவன் என்று சொல்ல முடியாது. குடியில்லை, சீட்டில்லை. பெண்டாட்டி மேல் உசிர். ஆனால் அந்த உசிரெல்லாம் அம்மா வீட்டில் இல்லாத நேரத்தில்தான் வெளியே வரும்.

குருணில் காடி, அதாவது கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வேலை போனவர்களில் அவனும் ஒருவன். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டப் போகலாமென்றால் அதற்கெல்லாம் வங்காளதேசத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அடுத்த லயத்து சசிதரன்தான் அவனைப் புது வேலைக்கு இழுத்துவிட்டான். மலைக்குள் ஈயமும் துத்தநாகமும் செம்பும் இருக்கிறதா என்று தேடுகிற கம்பெனி அது. தேடுவதென்றால் மலையைத் தோண்டுவதில்லை. மலையில் இருப்பதை மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஓடையிலும் ஆற்றிலும் கொண்டுவந்து போட்டுவிடும். ஆற்றின் அடிமண்ணை அள்ளிச் சோதித்துப் பார்க்கிற லாப்புக்கு அனுப்பினால், எந்த ஆற்றுக்கு மேலே சரக்கு இருக்கிறதென்று மண்ணே சொல்லிவிடும். அந்த மண்ணை அள்ளுகிற வேலை.

கம்பெனி சார்பில் அவர்களை ஆற்றுக்குக் கூட்டிப்போனவள் ஜெயந்தினி. அலோர் ஸ்டார் மெர்கோங்கைச் சேர்ந்த யாழ்ப்பாண வம்சத்துப் பெண், கல்லும் மண்ணும் படித்தவள். அப்பா ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராம். முதல் நாளே ஆற்றங்கரையில் இவர்கள் இருவரையும் நிறுத்திவைத்து மேலும் கீழும் பார்த்தாள்.

"மோதிரம், காப்பு, கையில ஒண்டும் இருக்கக் கூடாது. எல்லாம் கழட்டுங்கோ."

சசிதரன் செப்புக் காப்பைப் பிடித்துக்கொண்டான். "மேடம், இது முனியாண்டிக்கு வேண்டிக்கிட்டுப் போட்டதுலா."

"முனியாண்டி கோவிச்சா நான் பதில் சொல்லுறன். லாப்பில செம்பு கூடக் காட்டினா நீங்கள் பதில் சொல்லுவியளோ?"

சசிதரன் முனகிக்கொண்டே கழற்றினான். பரஞ்சோதி அதற்குள் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டிருந்தான். யாராவது அதட்டினால் உடனே செய்துவிடுகிற குணம் அவனுக்கு.

வேலை கேட்பதற்குச் சுலபம், செய்தால் இடுப்பு கழன்றுவிடும். பனி விலகுமுன் செம்பனைக்குள் நுழைந்து, அது முடிகிற இடத்தில் காட்டுக்குள் ஏற வேண்டும். சப்பாத்துக்குள் அட்டை ஏறி வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தானே விழுந்து கிடக்கும். ஆற்றில் முழங்காலளவு தண்ணீரில் நின்று, கரை மண்ணைத் தொடாமல், ஓட்டமுள்ள நடு ஆற்றில் பெரிய கல்லுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிற வண்டலை அள்ள வேண்டும். ஒரே இடத்தில் அள்ளினாலும் ஆகாது, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று நாலைந்து இடம். அதைப் பிளாஸ்டிக் சட்டம் போட்ட நைலான் சல்லடையில் கொட்டித் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தால், கல்லும் மணலும் மேலே நிற்க, நைஸான மண் வாளிக்குள் இறங்கும். தெளிய விட்டு, தண்ணீரை இறுத்து, ஒரு காகிதப் பைக்கு மட்டும் எடுத்து, எண் எழுதிக் கட்டித் தொங்கவிட வேண்டும். மிச்சத்தை ஆற்றிலேயே கொட்டிவிடச் சொல்வாள் ஜெயந்தினி.

"கை கழுவாமச் சாப்பிடாதேங்கோ. சோப்புப் போட்டுக் கழுவுங்கோ," என்று தினமும் ஒரு தடவை சொல்வாள். அவள் முதுகைத் திருப்பியதும் சசிதரன் அதே குரலில் சொல்லிக் காட்டுவான். "அவங்க வீட்டுல கழுவிட்டுதான் சோப்பையே தொடுவாங்க போல," என்பான். பரஞ்சோதி சிரித்து மாளாமல் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை நனைந்த விரலோடே பிரிப்பான்.

காஞ்சனாவுக்கு மசக்கை வாந்தியோடு போகவில்லை. மண் ஆசை பிடித்துக்கொண்டது. மழை விழுந்து மண் வாசனை கிளம்பினால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து மூக்கை விரித்துக்கொண்டு நிற்பாள். எச்சில் ஊறி ஊறி விழுங்குவாள். பச்சரிசியை மென்று பார்த்தாள், ஜவ்வரிசியை மென்று பார்த்தாள், ஒன்றும் அடங்கவில்லை.

மண் ஆசை எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் இந்த வீட்டில் அதற்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவள் குளியலறைப் பின்சுவரைச் சுரண்டித் தின்றதை மருதம்மாள் பார்த்துவிட்டாள். அகப்பைக் காம்பால் வாயிலேயே போட்டாள். உதடு கிழிந்து வீங்கிப்போயிற்று. அந்தப் பிள்ளை தங்காமல் போனபோது, டாக்டர் ஏதேதோ சொன்னார், மருதம்மாள் காதில் ஏறவில்லை. "மண்ணுதின்னி முண்ட, எம் பேரனத் தின்னுட்டா," என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். அன்றிலிருந்து கோபம் வந்தால் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மண்ணுதின்னிதான்.

ஒரு மாலை பரஞ்சோதி வேலை விட்டு வந்தபோது காஞ்சனா அவனுடைய சேறு பிடித்த சப்பாத்தை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். வெகுநேரம் வரவில்லை. எட்டிப்பார்த்தான். சப்பாத்தின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைக் கத்தியால் நோண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"என்னாங்க, அத்தகிட்ட சொல்லிறாதீங்க. முடியலங்க. நாக்கு கேக்குதுங்க."

அவனுக்கு நெஞ்சு கரைந்துபோயிற்று. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், அதனால் தாராளமாகவே கரைந்தது.

"அதுல அட்ட ரத்தமெல்லாம் இருக்கும், சீ. நான் நல்ல மண்ணா கொண்டாறேன், இரு."

மறுநாள் வாளியில் மிஞ்சிய வண்டலை ஆற்றில் கொட்டாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி மதியச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான். சல்லடையில் சலித்த மண், ஒரு கல் இருக்காது, ஒரு வேர் இருக்காது. அவனுக்கு வேலையில்லாத அடுத்த நாள், அம்மா இடியாப்பம் விற்கப் போன பிறகு காஞ்சனா அதைத் தோசைக்கல்லில் லேசாக வறுத்தாள். வீடெல்லாம் மழை வாசனை. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தான் வாங்கிக்கொடுத்த எதற்கும் அவள் முகம் இப்படி மலர்ந்து பரஞ்சோதி பார்த்ததில்லை. சேலை வாங்கிக்கொடுத்தால் மருதம்மாள் விலை கேட்பாள், பூ வாங்கிக்கொடுத்தால் எதற்கு என்பாள். இது ஒன்றுதான் அம்மாவின் கண்ணுக்குத் தப்பி, அவனும் அவளுமாக வைத்திருந்த காரியம்.

அதற்குப் பிறகு எந்த ஆற்றுக்குப் போனாலும் அவளுக்கு ஒரு பை வரும். அவளும் தேர்ந்துவிட்டாள். "இது வேணாங்க, சப்புன்னு இருக்கு," என்பாள். "இது இலை நாத்தம் அடிக்குது," என்பாள். இவன் சிரிப்பான். அப்புறம் அவர்கள் கெலாடி ஆற்றுக்குப் போனார்கள். தோட்டத்துக்குக் கிழக்கே, பழைய ஈட்டிமரக் காட்டுக்குள்ளிருந்து இறங்கிவருகிற ஆறு. அடிமண் கறுப்பாக, கையில் எடுத்தால் கொஞ்சம் கனமாக இருந்தது. அந்த மண்ணைத் தின்ற அன்றைக்குக் காஞ்சனா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாங்க, இதான். லேசா இனிக்குதுங்க."

"மண்ணு எங்கடி இனிக்கும்?"

"நீங்க வச்சுப் பாருங்க."

அவனும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சிரித்தான்.

கம்பெனி அந்த ஆற்றை முடித்துக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விட்டது. பரஞ்சோதி அந்த ஆற்றை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலை மோட்டாரில் கட்டிக்கொண்டு தனியாகவே கெலாடி ஆற்றுக்குப் போனான். கம்பெனியில் கற்றுக்கொண்டபடியே கல்லுக்குப் பின்னால் பார்த்து அள்ளி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வெயிலில் காயவைத்து, மைலோ டின் நிறையக் கொண்டுவந்தான். கம்பெனிக்குக்கூட அவ்வளவு கவனமாகச் சலித்ததில்லை.

"மீன் புடிக்கப் போறேன்னு போறான், ஒரு மீன் வாலக்கூடக் காணோம்," என்றாள் மருதம்மாள். "அங்க எவளாச்சும் இருக்காளா என்னாவோ. இருந்தா நல்லதுதான். அவளாச்சும் ஒரு புள்ளயப் பெத்துக் குடுப்பா."

காஞ்சனா அப்போது மாமியாருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நடுங்கி வெளியே சிந்தியது. கொஞ்ச நாளாகவே கை அப்படித்தான் இருந்தது. வயிற்றை முறுக்கி முறுக்கி வலிக்கிறது என்பாள். நாலைந்து நாளைக்கு ஒருதரம்தான் வெளிக்குப் போகிறது என்பாள். வாயில் எப்போதும் இரும்பைச் சப்பிய மாதிரி இருக்கிறது என்பாள். முகம் வெளுத்து, ஈறு கறுத்துப்போயிற்று. தாய்சேய் கிளினிக்கில் நர்ஸ் மிஸி ரத்தம் குறைவு என்று சொல்லி இரும்பு மாத்திரை கொடுத்தாள். அவள் என்ன செய்வாள், மண் தின்பதை இவர்கள் சொன்னால்தானே தெரியும்? பக்கத்தில் மாமியாரை வைத்துக்கொண்டு காஞ்சனா எப்படிச் சொல்வாள்?

ஆனால் பிள்ளை தங்கியது. மூன்று மாதம் தாண்டியது, நாலு தாண்டியது, ஐந்தில் அசைந்தது. காஞ்சனா அவன் கையை எடுத்து வயிற்றில் வைத்தபோது உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது. மண்ணுதான் தங்கவச்சிருக்கு என்று அவள் சொன்னாள். இருக்கும் என்று அவனும் நினைத்தான். மருதம்மாள்கூட ஒரு நாள் தானாகவே கருவாட்டுக் குழம்பில் தலைப்பக்கத்தை எடுத்து மருமகள் தட்டில் வைத்தாள்.

லாப்பிலிருந்து முடிவு வந்த அன்று ஜெயந்தினி இருவரையும் குருணில் ஒரு சாப்பாட்டுக்கடைக்குக் கூட்டிப்போனாள். கோழி பொரித்தது, இறால் சம்பால், ஐஸ் தேநீர் என்று மேசை நிறைந்தது. அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். ஆறுகள் நீலக் கோடாக ஓடின, அள்ளின இடமெல்லாம் சின்னச் சின்னப் பொட்டு. கெலாடி ஆற்றில் மட்டும் பொட்டெல்லாம் ரத்தச் சிவப்பாகப் பெரிது பெரிதாக இருந்தன.

"ஈயம்," என்றாள். எப்போதும் சிரிக்காதவள் பல் தெரியச் சிரித்தாள். "துத்தநாகமும் இருக்குது, ஆனா ஈயம்தான் அள்ளிக்கொண்டு போகுது. மற்ற ஆறுகளைவிட நூறு மடங்கு. இங்க ட்ரில் போடப் போறம். உங்களுக்கு ரெண்டு வருசத்துக்கு வேலை நிச்சயம். பரஞ்சோதி, அந்த ஆத்து மண் முழுக்க நீங்கள்தானே சலிச்சது? நல்ல ராசியான கை."

சசிதரன் அவன் முதுகில் ஓங்கி அடித்தான். "அடிச்சாண்டா லாட்டரி!"

பரஞ்சோதியும் சிரித்தான். கோழியைக் கடித்தான். அது தொண்டையில் இறங்கும்போதுதான் கேட்டான், யாருக்கோ கேட்பதுபோல.

"மேடம், அந்த மண்ணு... ஆடு மாடு ஏதாச்சும் தின்னா என்னா ஆகும்?"

"ஆடு ஏன் மண் தின்னுது?"

"இல்ல, சும்மாதான்."

"தண்ணி குடிச்சா அவ்வளவு பயமில்லை. மண்தான் பொல்லாதது. சின்னப் பிள்ளையள் மண்ணுக் கையை வாயில வைக்குங்கள் பாருங்கோ, அதுக்கு மூளையையே கெடுத்துப்போடும். வயித்துப் பிள்ளையெண்டா இன்னும் மோசம். தாயின்ர ரத்தத்தோட நேரா பிள்ளைக்குப் போயிடும். அதுக்குத்தானே நாளும் பொழுதும் கையைக் கழுவுங்கோ எண்டு கத்துறன்."

"நிப்பாட்டிட்டா சரியாயிருமா?"

ஜெயந்தினி கரண்டியைக் கீழே வைத்தாள். "நிப்பாட்டவும் வேணும், உடன டொக்டரிட்ட ஓடவும் வேணும். அதுக்கு மருந்து இருக்குது. ஏன் கேக்கிறியள்? அந்த ஆத்தங்கரையில ஆராவது குடியிருக்கினமோ?"

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சசிதரன் சிரித்திருப்பான், அவ்வளவுதான். ஜெயந்தினி அப்போதே காடியை எடுத்துக்கொண்டு நேரே லயத்துக்கு வந்திருப்பாள், காஞ்சனாவை அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருப்பாள். பரஞ்சோதிக்கு அது தெரிந்தது. தெரிந்தபோதே இன்னொன்றும் கண்முன் வந்து நின்றது. மேடம் வாசலில் நிற்கிறாள், என்ன ஏது என்று அம்மா கேட்கிறாள், மண்ணு என்கிறார்கள், யார் கொண்டுவந்தது என்கிறார்கள், அம்மா திரும்பி அவனைப் பார்க்கிறாள்.

"யாரும் இல்ல மேடம்," என்றான்.

மிஞ்சிய கோழியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மருதம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். "கெலாடி ஆத்துல ஈயம் கெடச்சிருக்கும்மா. ரெண்டு வருசத்துக்கு வேலைக்குக் கவலையில்ல," என்றான். "எம் மகன் தொட்டா எதுவும் சோட போவாது," என்று மருதம்மாள் கோழிக்காலை எடுத்துக்கொண்டாள். சமையல்கட்டு வாசலில் நின்று காஞ்சனாவும் கேட்டாள், சிரித்தாள்.

அம்மா தூங்கப் போனதும் அவன் துணி மூட்டைக்குப் பின்னாலிருந்த மைலோ டின்னை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தான். காஞ்சனா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ஐயோ, ஏங்க? ஏங்க கொட்டுறீங்க?"

வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. மண்ணில் விஷம் என்று சொன்னால் இவள் பயந்து அலறுவாள். அலறினால் அம்மா எழுந்துவிடுவாள். எழுந்தால் எல்லாம் வெளியே வரும். நிறுத்திவிட்டால் போதும், இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லையே, பிள்ளை உதைக்கிறதே என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கோழைக்குச் சமாதானம் சொல்ல வேறு ஆளா வேண்டும்?

"அம்மாவுக்குச் சந்தேகம் வந்துருச்சு போல. கொஞ்ச நாளைக்கு வேணாம், காஞ்சனா. திங்காத. மாட்டிக்கிட்டா என்னா ஆவும்னு ஒனக்கே தெரியும்."

அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பழைய தழும்பு அங்கே இருந்தது. "அதுக்காங்க பயந்தீங்க? சரிங்க," என்றாள்.

மறுநாளும் கேட்டாள், கொஞ்சமாக, ஒரு விரல் அளவு. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஒரு தடவ சொன்னா புரியாது? திங்காதன்னா திங்காத," என்று முதல்முறையாக அவளிடம் கத்தினான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காததைப் பார்த்து, விட்டுவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தான். டாக்டரிடம் போக வேண்டும் என்று ஜெயந்தினி சொன்னதைத் தினமும் நினைப்பான், தினமும் மோட்டாரைத் துடைப்பான்.

ஏழாம் மாதம் பிறந்த வாரத்தில் ஒரு மத்தியானம் காட்டுக்குள் இருக்கும்போது சசிதரனுக்குப் போன் வந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் காஞ்சனாவைக் காடியில் ஏற்றிக்கொண்டு சுங்கைப்பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். சமையல்கட்டில் வலிப்பு வந்ததுபோல் இழுத்துக்கொண்டு விழுந்தாளாம். பரஞ்சோதி சேற்றுக் காலோடு போய்ச் சேர்ந்தபோது மருதம்மாள் வராந்தாவில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆம்பளப் புள்ளடா," என்றாள். "செத்துல்ல பொறந்திருக்கு."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். பொய்யாக அழுதான் என்று யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் காலை டாக்டர் வந்தாள். தலையில் முக்காடு போட்ட இளவயது மலாய்க்காரப் பெண். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, காஞ்சனாவின் தலையணைப் பக்கம் நின்று மெதுவாகத்தான் மலாயில் கேட்டாள். வயிற்றின் எக்ஸ்ரே படத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறது, ரத்தத்தில் இருக்கக் கூடாத ஒன்று இருக்கிறது, புளும்பும் என்கிறோம் அதை, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா, வேறு ஏதாவது தின்றீர்களா?

மருதம்மாள் முந்திக்கொண்டாள். "தாக் அடா, டாக்டர். ஒண்ணுமே குடுக்கல. ராணி மாதிரி வச்சிருந்தோம்."

காஞ்சனா கண்ணைத் திறந்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை, பரஞ்சோதியைப் பார்த்தாள். அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகத்தில் இன்னும் சேறு இருந்தது.

"மக்கான் தானா," என்றாள் காஞ்சனா. மண் தின்றேன்.

மருதம்மாள் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

"அடி பாவி! அடி மண்ணுதின்னி! எத்தன புள்ளடி தின்னுவ நீ? ஒன்ன ரெண்டா வெட்டிப் போட்டாலும் எம் பேரன் வருவானா? ஊரு ஒலகத்துல எவளாச்சும் மண்ணத் தின்னு புள்ளயக் கொல்லுவாளா?"

டாக்டர் கையை உயர்த்தினாள். யார் கொண்டுவந்து கொடுத்தது, எந்த இடத்து மண் என்று கேட்டாள். மற்றவர்களும் தின்றிருந்தால் ஆபத்து என்றாள். பரஞ்சோதியைப் பார்த்து, நீங்கள்தானே கணவர், உங்களுக்குத் தெரியுமா என்றாள்.

"தாக் தாவ், டாக்டர்," என்றான் அவன். தெரியாது. சொல்லி வாயை மூடியிருந்தாலாவது பரவாயில்லை. அம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் எத்தன வாட்டி சொன்னேம்மா, திங்காத, திங்காதன்னு. கத்திகூடச் சொன்னேன். கேட்டாளா இவ?"

காஞ்சனாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. டாக்டரின் பக்கம் திரும்பினாள்.

"சாயா செண்டிரி," என்றாள். நானேதான்.

மருதம்மாள் வராந்தாவுக்குப் போய் லயத்துக்குப் போன் போட்டாள். அவள் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. டாக்டர் மருந்து எழுதிவிட்டுப் போனாள். ஊசி போட வந்த தமிழ் மிஸியிடம் காஞ்சனா கேட்டாள்.

"மிஸி, அது என்னாது, டாக்டர் சொன்னது? புளும்பும்?"

"ஈயம்மா. மண்ணுல ஈயம் இருந்திருக்கு. வெசம் அது. பாவம், ஒனக்கு எப்படித் தெரியும்?"

மிஸி போன பிறகு காஞ்சனா கொஞ்ச நேரம் ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் யாருடைய பிள்ளையோ பாலுக்கு அழுதது. அவளுடைய மார்புச் சட்டை நனைந்திருந்தது. பரஞ்சோதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் கையைத் தொட்டான். அவள் கையை எடுக்கவில்லை.

"கோழி வாங்கியாந்தீங்களே, அன்னிக்கு," என்றாள். "கெலாடி ஆத்துல ஈயம்னு சொன்னீங்க. அன்னிக்குத்தானே டின்னக் கொட்டுனீங்க?"

அவன் சேற்றுக் காலை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டான்.

"அப்பவே தெரியும், இல்லங்க?"

"நிறுத்திட்டா சரியாயிரும்னு நெனச்சேன். நீயும் நிறுத்திட்டல்ல..."

"நிறுத்தலங்க." அவள் குரல் உயரவே இல்லை. "டின்னுலேர்ந்து முன்னாடியே ஊறுகா போத்தல்ல எடுத்து வச்சிருந்தேன். அத்த கண்ணுல மட்டும் படக் கூடாதுன்னுதானே நீங்க சொன்னீங்க? அவங்க கண்ணுல படாம, குளிக்கிற ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு, தெனமும் தின்னேன். விழுறதுக்கு முந்தின நாளுகூடத் தின்னேன். நல்லா ஒளிச்சுட்டோம்னு சந்தோசமா இருந்துச்சு."

"காஞ்சனா..."

"வெசம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா துப்பியிருப்பேனேங்க. வெரல வுட்டு வாந்தி எடுத்திருப்பேன். நடந்தாச்சும் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேன். ஏங்க சொல்லல?"

அவனுக்கு உள்ளே எதையெதையோ தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. வேலை போய்விடும் என்பதற்காகவா, அவள் பயந்துவிடுவாள் என்பதற்காகவா என்று புரட்டிப் பார்த்தான். அதெல்லாம் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னான்.

"அம்மா திட்டும்னு..."

காஞ்சனா அவனையே பார்த்தாள். ஏதோ கேட்டுவிட்டு, கேட்டது சரிதானா என்று பார்ப்பவள்போல நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் கையை அவன் விரலிலிருந்து எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

வராந்தாவிலிருந்து மருதம்மாளின் குரல் வந்தது.

"டேய் பரஞ்சோதி! அவகிட்ட இன்னும் என்னாடா பேச்சு? புள்ளய வாங்குறதுக்கு நீதான் கையெழுத்துப் போடணுமாம். எந்திரிச்சு வாடா!"

"தோ வர்றேம்மா," என்று அவன் எழுந்து போனான்.